காற்றுப் புகாத கோழிக்கூண்டு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் பைக் சீட்டில் எச்சம். துடைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அதே இடத்தில் மறுபடியும். ஐந்து கோழிகளில் ஒன்றுக்கு அந்த சீட்டின் மேல் அப்படி என்ன ஆசையோ. ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது. லீவு கேட்டுப் போனால் எங்கள் பழைய மேனேஜர் பார்ப்பாரே, அதே பார்வை. அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

கோழிகள் என்னுடையவை அல்ல. மாமனாருடையவை. சரியாகச் சொன்னால் அவருடையவையும் அல்ல, போன வருடம் தவறிப்போன அத்தையுடையவை. மாமா வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். அத்தை இருந்தவரை கோழிக்கு ஒரு பிடி தானியம் போட்டவர் இல்லை. அவர் தனியாக வைத்துப் பார்த்ததில் போன கோடையிலேயே பாதி செத்துவிட்டன. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து எட்டிப் பார்க்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். என் மனைவி போய் அழைத்தாள். வரவே மாட்டேன் என்று நின்றவர், கோழிகளையும் கூட்டிப் போகலாம் என்றதும் வண்டியில் ஏறினாராம்.

அன்றிலிருந்து என் சாமான் அறை அவருடைய அறை. என் ஸ்பேனர், டிரில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கட்டிலின் கால்மாட்டில் அவருடைய காக்கி நிற ஜிப் பை. இதுவரை ஒரு சட்டையைக்கூட வெளியே எடுத்து அடுக்கவில்லை. வேண்டியதைப் பையிலிருந்து எடுக்கிறார், துவைத்து மடித்ததைப் பைக்குள்ளேயே வைக்கிறார். கேட்டால், "ரெண்டு நாள்தானே மாப்ள."

இவள் காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வெயில் ஏறறதுக்குள்ள நல்ல கூண்டு ஒண்ணு கட்டிக் குடுங்க. இந்த வருஷமும் அதுங்க செத்துச்சுன்னா அப்பா இங்க இருக்கமாட்டார்."

போனால் போகட்டுமே என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறப்பதற்குள், "அவர் போனா நானும் கூடப் போயிருவேன். மறுபடியும் தனியா விடமாட்டேன்" என்றாள். கத்தியிருந்தால் எனக்குப் பயமில்லை. கத்தவில்லை.

முப்பது வருடமாகக் குளிர்க்கிடங்கில் கதவு மாட்டுகிறவன் நான். ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி செய்வது என்ன கம்பசூத்திரமா?

பிப்ரவரி 12, புதன்

வெல்டர் வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வெல்டர் வரவில்லை. போனை எடுத்தார். "கிளம்பிட்டேன் சார்" என்றார். பின்னால் டிவி ஓடுகிற சத்தம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கே கட்டுவது என்பதில் இன்று பாதி நாள் போனது. பின்பக்கத்தில் இடம் என்று இருப்பதே இரண்டு. ஒன்று வீட்டுச் சுவரை ஒட்டிக் குழாயடி, துணிக்கொடி இருக்கும் பக்கம். மத்தியானத்துக்கு மேல் வீட்டின் நிழல் விழும், பக்கத்துச் சந்திலிருந்து காற்றும் வரும். இன்னொன்று எதிர்க்கோடியில், மதில் சுவரை ஒட்டிய இடம். மத்தியானம் திரும்பினால் வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான். சாயங்காலம் கை வைத்தால் சுடும்.

"என் கொடியில கை வெக்காதீங்க. அதை விட்டுட்டு எங்க வேணா கட்டுங்க" என்றாள். ஏற்கனவே கோழிகள் போய் ஈரத்துணிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு மண்ணை வாரித் தூற்றுகின்றன, புடவைக் கரையெல்லாம் புழுதி என்று அவளுக்கு ஆத்திரம்.

சரி, மதில் ஓரமே இருக்கட்டும். வெளியே எவ்வளவு கொதித்தால் என்ன? குளிர்க்கிடங்குக்கு வெளியேயும்தான் கொதிக்கிறது. உள்ளே விடாமல் அடைக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

மாமாவிடம், அங்கே கூண்டு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கூண்டா? கூண்டெல்லாம் ஏது. மரத்துல ஏறி உக்காந்துக்கும்."

"மத்தியானம் வெயில் நேரத்துல?"

"அவ என்னமோ பண்ணுவா. சாக்கு நனைச்சுப் போடுவாளோ என்னமோ. நான் டூட்டி முடிச்சு வந்து தூங்கிருவேனே."

தெரிந்தவள் போய்விட்டாள். மிச்சம் இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோழி வளர்க்கப் போகிறோம். விளங்கின மாதிரிதான்.

பிப்ரவரி 19, புதன்

நல்ல சேதி. கிடங்கில் பழைய அறை ஒன்றைப் பிரித்துப்போட்ட பேனல்கள் குப்பையோரம் கிடந்தன. இரண்டு பக்கமும் தகடு, நடுவே தெர்மாக்கோல். எடுத்துக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "இடத்தைக் காலி பண்ணினா சரி" என்றார். சாமான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

கம்ப்ரசர்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கிடங்கில் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். வாயைத் திறந்தால் நக்கல். "பெட்டி ரெடி. மெஷின் எப்பக் கொண்டு போறீங்க?" என்றார். சிரித்தேன். அவருக்குத் தன் மெஷினை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வெல்டர் வந்தார்! கோண இரும்பில் சட்டம் அடித்துக் கொடுத்தார். ஒரு கால் மற்ற மூன்றைவிட விரலளவு குட்டை. சொன்னால், "தரை கோணல் சார்" என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செங்கல் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தேன்.

மாமா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறபோது கண்டக்டர் சொல்வதுபோல ஒவ்வொரு பேனலுக்கும் குரல்: "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல, நில்லு!" கையில் பேனலும் வாயில் திருகாணியுமாக நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? இவளிடம் சொல்லிப் பொருமினேன். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்றாள். நான் குஞ்சாம். அடுத்த வருடம் எனக்கு ஐம்பத்தைந்து.

ஆனாலும் வேலை அருமை. என் வாயால் நானே சொல்லக்கூடாது, வேறு யாரும் சொல்லப்போவதுமில்லை. இடுப்பளவு உயரம். ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே போய்க் கூட்டலாம். மூலைமூலையாக சிலிக்கான் பூசியிருக்கிறேன். கதவுக்கு ரப்பர் பட்டை. கையை எடுத்தால் கதவு தானாக மூடும், தாழ் தானாக விழும். உள்ளே டார்ச் வைத்து மூடிவிட்டு வெளியே சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சம் கசியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோழிகள் உள்ளே போக மறுக்கின்றன. தானியம் போட்டேன். வாசலில் நின்று கழுத்தை மட்டும் நீட்டிக் கொத்திவிட்டுத் திரும்பிவிடுகின்றன. துரத்தினேன். இரண்டு பழுப்பு நிறக் கோழிகள் (அக்கா, தங்கை) இரண்டு பக்கமாக ஓட, நொண்டிக் கோழி மட்டும் மாட்டியது. அதைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பினால் அது வெளியே வந்துவிட்டது. மேனேஜர் வழக்கம்போல பைக் மேல் ஏறி வேடிக்கை பார்த்தது.

சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது. யாரிடமும் வராது. மாமா அதைக் காட்டி, "அது மட்டும் அவ கையில தின்னும்" என்றார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாரமாக ராத்திரியில் பிடித்துப் பிடித்து அடைக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். கண் எரிகிறது. "ஓட்டை போடுங்க" என்றாள். "ஜன்னல் வையுங்க மாப்ள, பஸ்லகூட ஜன்னல் இருக்கும்" என்றார் மாமா.

காலமெல்லாம் ஓட்டை அடைத்தே சம்பளம் வாங்கியவன் நான். என் கையாலேயே டிரில் பிடித்து எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை போட்டேன், முஷ்டி நுழையும் அளவுக்கு. வலை வைத்தும் அடித்தாயிற்று. இதற்குமேல் ஒரு அங்குலம் போடமாட்டேன். நாற்றம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. குறையவில்லை என்கிறாள்.

மார்ச் 19, புதன்

முட்டை நின்றுவிட்டது. ஐந்து கோழிக்கும் சேர்த்து ஒரு முட்டை இல்லை. அதற்கும் காரணம் என் கூண்டுதானாம்.

மார்ச் 23, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டுகிறது. காற்றில் துளி ஈரம் இல்லை, உதடு வெடிக்கிறது.

இன்றைக்குச் சண்டை. காலை பத்து மணிக்கே கோழிகளைப் பிடித்து உள்ளே அடைத்தேன். வெயிலில் அலையாமல் சாயங்காலம் வரை உள்ளேயே இருக்கட்டும், அதற்குத்தானே இத்தனை பாடு. மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"திறந்து விடுங்க மாப்ள. பகல்ல எதுக்கு அடைக்கிறீங்க?"

"வெளிய இருந்தா சுருண்டு விழும் மாமா."

"அதுங்களுக்கு எங்க போய்ப் படுக்கணும்னு தெரியும்."

"தெரிஞ்சா போன வருஷம் ஏன் செத்துச்சு?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்றார். இவள் என் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டில், என் ஒரே லீவு நாளில், அவர்கள் வீட்டுக் கோழிகளுக்காக முதுகு ஒடிய உழைத்துவிட்டு நான்தான் குற்றவாளி!

தினமும் பத்து மணிக்கு அடைக்கும்படி இவளிடம் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றாள்.

மார்ச் 26, புதன்

சாம்பல் செத்துப்போச்சு.

வேலைக்கு நடுவில் போன் வந்தது. வந்து பார்த்தால் கதவை விரியத் திறந்து வைத்திருக்கிறாள். மற்றது நாலும் குழாயடி ஈரத்தில் சிறகைப் பரப்பி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. சாம்பலை மட்டும் மாமா மடியில் துண்டு விரித்து வைத்திருக்கிறார். கழுத்து தொங்குது. திட்டியிருந்தால் பரவாயில்லை, ஒரு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழி தோண்டினேன். வாங்கி அவரே வைத்து மண் தள்ளினார். பிறகு உள்ளே போனார். பையின் ஜிப் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

நான் என்னங்க பண்ணுவேன்? நல்லதுக்குத்தானே பண்ணேன்?

மார்ச் 27, வியாழன்

வயசாகித்தான் செத்தது. அத்தை அதை வாங்கி எத்தனை வருடம் ஆகிறதோ. இவளிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்படியா?" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன் என்று மாமா காலையில் சொல்லிவிட்டார். இவள் பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். பிறகு கடைக்குப் போய்விட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "கூண்டுல ஒரு குறையும் இல்ல மாமா. வேணும்னா நானே உள்ள உக்காந்து காட்டறேன்" என்றேன். அவர் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உச்சிவெயில். தவழ்ந்து உள்ளே போனேன். கையை எடுத்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. தாழ் தானாக விழுந்தது.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. இருட்டு, நிழல். பார்த்தாயா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேர்க்க ஆரம்பித்தது. அப்புறம் என் மூச்சே என் முகத்தில் வந்து அடித்தது. அந்த ஓட்டைகளில் காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன். மதில் சுவர்ப் பக்கத்து ஓட்டை வழியாக அடுப்பு ஊதுகிற மாதிரி அனல் வந்தது. போதும் என்று கதவைத் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது, உள்பக்கம் கைப்பிடி இல்லை.

குளிர்க்கிடங்கில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அது. உள்ளிருந்து திறக்க ஒரு பிடி இல்லாமல் எந்தக் கதவையும் மாட்டாதே. நான் மாட்டிய ஒவ்வொரு கதவையும் உள்ளே போய் நின்று, மூடி, திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இதற்கு வைக்கவில்லை. கோழிதானே, அது எதற்கு உள்ளிருந்து திறக்கப்போகிறது?

கத்தினேன். தெர்மாக்கோல் சத்தத்தையும் விழுங்கும், அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தட்டினேன், உதைத்தேன். வெளியே ரேடியோ பாடுவது மட்டும் ஓட்டை வழியாகக் கேட்டது. கடைசியில் வலையைப் பிய்த்துவிட்டு விரலை வெளியே நீட்டி ஆட்டினேன். யாரோ வந்தார்கள். மேனேஜர். வந்து விரலில் ஒரு கொத்து. வலியில் நான் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. மாமா நின்றார். கம்பு இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். பிழிந்தால் தண்ணீர் ஊற்றும் சட்டையும் எச்சம் அப்பிய கையுமாகத் தவழ்ந்து வெளியே வருகிற என்னை ஒரு கணம் பார்த்தார்.

"என்ன மாப்ள, முட்டை போட்டாச்சா?"

சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வந்து என் தலையில் ஊற்றினார். இன்னொன்றைக் குடிக்கக் கொடுத்தார். மற்ற கோழிகள் எங்கே என்று பார்த்தேன். மூன்றும் துணிக்கொடியில் தொங்கிய ஈரப் படுக்கைவிரிப்புக்கு அடியில் குழி பறித்து, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தன.

மெஷின் இல்லாமல் குளிர்க்கிடங்கு ஏது? அறை கட்டும்போது உருளைக்கிழங்கு விடுகிற மூச்சுக்குக்கூடச் சூடு கணக்குப் போடுவோம், உள்ளே நிற்கிற ஆளுக்கும் போடுவோம். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் மெஷின். கோழியின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடு. அப்படி ஐந்தைப் பிடித்து, சூடு வெளியே போக வழியில்லாமல், சிலிக்கான் பூசி அடைத்தேன். கம்ப்ரசர்காரர் நக்கலாகச் சொன்னார். நக்கலென்றே எடுத்துக்கொண்டேன்.

சாம்பல் வயசாகிச் சாகவில்லை. சாயங்காலம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றார். "போன வருஷம் நானும் ரூமுக்குள்ள வெச்சுத்தான் பூட்டினேன். ஃபேன் போட்டேன். கரண்ட் போனது தெரியாமத் தூங்கிட்டேன்."

அப்புறம் இரண்டு பேருமாகக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

லீவு போட்டேன். பேனல்களைப் பிரிக்கிறேன். ஒட்ட வைப்பது சுலபம், பிரிப்பதுதான் கஷ்டம். நான் பூசிய சிலிக்கானை நானே திட்டிக்கொண்டு கத்தியால் சுரண்டினேன். இரண்டு நகம் போயிற்று.

இவள் வந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துணிக்கொடியை அவிழ்த்தாள். "இங்கயே கட்டுங்க" என்றாள். கொடியை எதிர்ப்பக்கம் மதில் சுவரோரம் கொண்டுபோய்க் கட்டினாள். அவளுடைய பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

இந்தத் தடவை கூரைக்கு மட்டும் பேனல். நாலு பக்கமும் வெறும் கம்பி வலை. கூரை சட்டத்தின் மேல் ஒட்டாமல், ஒரு சாண் தூக்கி நிற்கவேண்டும், சூடு மேலே போய் வெளியேற. அதற்குச் சட்டத்தை நகர்த்திக் கால் நீட்டி வெல்டு வைக்கவேண்டும். வெல்டர் நாளைக்கு வருகிறார்.

மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன், நாளைக்குப் போகத்தான் வேண்டுமா என்று. தாடையைச் சொறிந்துகொண்டார். "கூரை ஏத்தற வரைக்கும் இருக்கேன். உங்களுக்கு லெவல் பாக்கத் தெரியாது."

எனக்கு. லெவல். தெரியாது. வாயை மூடிக்கொண்டு சரி மாமா என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெல்டர் வரவில்லை. நீ நல்லா இருக்கணும்டா சாமி!

ஏப்ரல் 8, செவ்வாய்

வெல்டர் வரவில்லை. "பாதி வழியில இருக்கேன் சார்." இருக்கட்டும், இருக்கட்டும், நிதானமாக வரட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்துவிட்டார், வேலையும் முடிந்தது. "வரலாம், வரலாம், ரைட்ல ஒடி, நில்லு!" வெல்டருக்கும் எனக்கும் நடுவில் கூரை ஆடிக்கொண்டிருக்க, மாமா கம்பை நீட்டி லெவல் பார்த்தார். ஒரு ஓரம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். சாய்ந்துதான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

கீழே ஆற்றுமணல் கொட்டியிருக்கிறேன். சந்துப் பக்கம் காற்று வருகிற வலைமேல் சாக்கு தொங்குகிறது, நனைக்க. உள்ளே குறுக்கே ஒரு கட்டை. கதவு என்று சும்மா ஒரு சட்டமும் வலையும். உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தேன். இவள் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்றாள். அதற்கப்புறம் சமையலறையில் நின்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அன்று நடந்ததை மாமா சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு ரகசியம் தங்காது.

இருட்டியதும் நாலும் தாமாகவே உள்ளே போய்க் கட்டையில் ஏறிக்கொண்டன. நான் ஒன்றையும் பிடிக்கவில்லை.

கூரை ஏறியாயிற்று. மாமா இனி எதற்கு இருப்பார்?

ஏப்ரல் 16, புதன்

மதில் சுவரோரம் துணி அரைமணியில் காய்கிறதாம். "இத்தனை வருஷமா சொல்லக்கூடாதா?" என்று என்னைக் கேட்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இந்த வருடத்திலேயே இதுதான் மோசம். நாலு நாளாக ஒரு இலை அசையவில்லை. பகலெல்லாம் கரண்ட் இல்லை. தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. சாக்கை நனைத்தால் கண் எதிரிலேயே காய்கிறது. நொண்டிக்கு முடியவில்லை, வாயைப் பிளந்தபடியே இருக்கிறது. ஒன்று போனால் முடிந்தது. மாமா சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், இன்னொன்றைப் புதைத்துவிட்டு அவர் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டார். இவளும் அந்தப் பெட்டியை இன்னும் பரணில் ஏற்றவில்லை. தூசி தட்டித் தட்டி அங்கேயே வைத்திருக்கிறாள். ஏற்றி வைக்கட்டுமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

மாமா மத்தியானம் முழுக்கக் கூண்டோரம் நாற்காலி போட்டு, மடியில் வாளி, கையில் குவளை. சாக்கு காயக்காய ஊற்றுகிறார். எழுந்து உள்ளே வாருங்கள், உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றால், "இன்னிக்கு நான் தூங்கமாட்டேன் மாப்ள" என்கிறார்.

கிடங்கில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, உறைய வைக்கும் அறையில் போட்டு வைக்கிறேன். மத்தியான இடைவேளையில் துண்டில் சுற்றிக்கொண்டு பைக்கில் பறந்து வந்து கூண்டில் போடுகிறேன். கோழிகள் பாட்டில்மேல் சாய்ந்துகொள்கின்றன. கம்ப்ரசர்காரர் முந்தாநாள் என் பையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மெஷினை எடுத்துட்டுப் போறீங்க" என்றார். மறுநாள் அவரே நாலு பாட்டில் போட்டு வைத்திருந்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாயங்காலம் கொஞ்சம் காற்று. நொண்டி எழுந்து தானியம் தின்றது.

மே 8, வியாழன்

மாமாவின் போக்கு சரியில்லை. மூன்று நாளாக ஒரே சட்டை. இந்த வெயிலில்! பக்கத்தில் உட்கார முடியவில்லை. இவள் துவைக்கக் கேட்டால், இருக்கட்டும் இருக்கட்டும் என்கிறார். அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். என் ஸ்பேனர் எடுக்கப் போனால், "என்ன வேணும் சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று வாசலிலேயே மறித்துக்கொள்கிறார். பையைக் கட்டிவிட்டார் போலிருக்கிறது. சட்டையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று, அதுதான் மாற்ற வேறு இல்லை.

கூண்டு கட்டி, கூரை ஏற்றி, பாட்டில் சுமந்து, கடைசியில் இதுதானா? நாலும் உயிரோடு இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் அவருக்கு? கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மே 11, ஞாயிறு

காலையில் மேனேஜரைக் காணோம். பைக் சீட் சுத்தமாக இருந்தது, அதிலேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். இவளும் நானும் சந்து, தொட்டிக்குப் பின்னால், அடுத்த வீட்டு மதில் என்று தேடினோம். நாய் தூக்கியிருக்குமோ? மாமாவிடம் எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் போய் அறைக் கதவைத் தள்ளினேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் காக்கிப் பை திறந்து கிடந்தது. உள்ளே, மடித்து வைத்த அவருடைய சட்டைகளின் மேல், மேனேஜர். சிறகை உப்பிக்கொண்டு அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கையை நீட்டினேன், உறுமியது. இவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கோழியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அடியில் நாலு முட்டை.

"எத்தனை நாளாப்பா?" என்றாள்.

"செவ்வாக்கிழமையே உள்ள வந்து உக்காந்துச்சு. முட்டை வெச்சுட்டுப் போகும், மறுநாள் வரும். நேத்து சாயங்காலத்துலேருந்து எழுந்திருக்கவே மாட்டேங்குது." அவர் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டார். "மாப்ள பாத்தாத் துரத்திடுவாரேன்னுதான்."

"மாமா, சேவல் கிடையாது. பொரிக்காது. தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"அடையில உக்காந்திருக்கே மாப்ள. அது எழுந்திரிக்காம பையை எப்படி எடுக்கறது?"

இவள் வெளியே போனாள். கூடத்தில் ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது. பெட்டியைப் பரணில் ஏற்றுகிறாள்.

என் அலமாரியில் மேல்தட்டு இரண்டையும் ஒழித்தேன். மேனேஜர் கொத்தக் கொத்த, கைக்கு எட்டிய சட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கொடுத்தேன். அடியில் இருந்த இரண்டை விட்டுவிட்டோம். மாமா வாங்கி, உதறி, தட்டில் அடுக்கினார். முதல் தட்டு போதவில்லை என்று இரண்டாவதிலும் வைத்தார்.

என் பனியன்களை எங்கே வைப்பதென்று இனிமேல்தான் பார்க்கவேண்டும்.